நூலகத்தில் இருந்ததையே நூலகம் எப்படிக் 'கண்டுபிடிக்கிறது'?

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் அரிய சுவடி 'கண்டெடுக்கப்பட்டது' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தச் சுவடி நூறாண்டாக அங்கேயேதான் இருந்தது என்பதும் அதே செய்தியில் வருகிறது. அப்படியானால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று நூலகத்துக்கே தெரியாதா, இது அலட்சியமா அல்லது விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒரு பொருள் தன்னிடம் இருப்பது நூலகத்துக்குத் தெரியுமா என்பது ஒன்று. அந்தப் பொருள் இன்னதென்று தெரியுமா என்பது மற்றொன்று. இத்தகைய செய்திகளுள் பெரும்பாலானவற்றில் முதலாவது நன்றாகவே தெரிந்திருக்கும். பதிவேட்டில் எண் இருக்கும், அலமாரியில் இடம் இருக்கும். தெரியாமல் இருந்தது இரண்டாவதுதான். சுவடிகளுக்கு விளக்க அட்டவணை தயாரிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் பயிற்சி ஓலைச்சுவடிகளில். எபிரேய, அரபு எழுத்துகளின் காலத்தைக் கண்டு சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆகவே அவை பற்றிய இடங்களில் அந்தந்தத் துறையினர் வெளியிட்ட முடிவுகளையே சொல்கிறேன்.

சிறப்புச் சேகரிப்பு என்பது பெரும்பாலும் ஒவ்வொரு நூலாகத் தேர்ந்து வாங்கிச் சேர்த்ததன்று. ஒரு பேராசிரியர் காலமானபின் அவர் வீட்டு நூல்கள் மொத்தமாக வரும். ஒரு மடாலயம் கலைக்கப்பட்டபோது அதன் நூலகம் வண்டியேறி வரும். ஒரு செல்வந்தரின் உயிலின்படி பெட்டிகள் வரும். வந்தவுடன் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும். விரிவான அட்டவணை அதன்பின் பத்தாண்டிலும் வரலாம், நூறாண்டிலும் வரலாம். அந்த அட்டவணையை எழுதுபவர் தாம் அறிந்த மொழிகளையும், தம் காலத்தில் இருந்த ஒப்பீட்டு நூல்களையும் மட்டுமே கொண்டு எழுதுகிறார். ஓலைச்சுவடிகளில் இது எங்களுக்கு அன்றாட அனுபவம். ஒரே கட்டில் நான்கு நூல்கள் கோத்திருக்கும். பழைய பட்டியல் முதல் ஏட்டில் உள்ள நூலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கட்டுக்குப் போயிருக்கும். மற்ற மூன்றும் அலமாரியில் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். இன்று கணினியில் தேடும் பட்டியல்களிற் பலவும் அந்தப் பழைய வரிகளைத் தட்டச்சுச் செய்தவைதாம் என்பதால், 1900இல் எழுதிய பிழை இன்று உலகெங்கும் படிக்கக் கிடைக்கிறது என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

இதற்கு நானறிந்த தெளிவான எடுத்துக்காட்டு இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள தோராச் சுருள். யூதர்களின் திருமறையான ஐந்து ஆகமங்களும் முழுமையாக எழுதப்பட்ட ஆட்டுத்தோல் சுருள் அது. நீளம் 36 மீட்டர், அகலம் 64 சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய பொருளை யாரும் காணாமல் விட்டிருக்க முடியாது, விடவும் இல்லை. 1889இல் லியோனெல்லோ மொடோனா என்பவர் அந்நூலகத்தின் எபிரேயச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தபோது இதையும் பார்த்து விவரித்திருக்கிறார். எழுத்து இத்தாலிய வகையைச் சேர்ந்தது, சற்றுத் திருத்தமற்றது, சில எழுத்துகளில், தலையில் அணியாக இடும் வழக்கமான கிரீடக் கோடுகளுக்கு மேலும் விசித்திரமான ஒட்டுகள் உள்ளன என்று குறித்துவிட்டு, 17ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று ஐயக்குறியோடு காலம் தந்தார். அந்த ஐயக்குறியை நான் மதிக்கிறேன். அட்டவணையாளர் தமக்கு உறுதியில்லாததை உறுதியில்லாதது என்றே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள்தாம் நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் குறியைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2013இல் மௌரோ பெரானி என்ற எபிரேயப் பேராசிரியர் அதே சேகரிப்புக்குப் புதிய அட்டவணை தயாரிக்கும்போது அந்தச் சுருளை விரித்தார். மொடோனாவுக்கு விசித்திரமாகப் பட்ட அந்த ஒட்டுகளே இவருக்குச் சான்றாயின. தோராச் சுருளை எப்படி எழுத வேண்டும், எந்த எழுத்துக்கு எத்தகைய அணி இருக்கலாம், பத்தி எங்கே பிரியலாம் என்பனவற்றை 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைமோனிடிஸ் என்னும் யூதச் சமயச் சட்ட அறிஞர் விதிகளாகத் தொகுத்தார்; அவை பரவிய பின் எழுதப்பட்ட சுருள்கள் அந்த விதிகளைப் பின்பற்றின. பொலோனாச் சுருளோ அந்த விதிகள் இடம்தராத கூறுகளைத் தயக்கமின்றிக் காட்டுகிறது. எழுத்தின் வடிவமும் இத்தாலியத்தைச் சேர்ந்ததன்று, கீழை நாடுகளின் பழைய பாபிலோனிய மரபைச் சேர்ந்தது. ஆக, 17ஆம் நூற்றாண்டின் கைத்திருத்தமில்லாத எழுத்தர் ஒருவர் செய்த கோணல் என்று நினைத்தது, விதி பிறப்பதற்கு முந்தைய நல்ல எழுத்தர் ஒருவரின் இயல்பான வழக்கமாக இருந்தது. தோலின் துணுக்குகள் இத்தாலியின் சாலெண்டோ பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் உயிர்ப்பொருள்களின் வயதை அளக்கும் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராயப்பட்டன. கிடைத்த காலம் 1155 முதல் 1225 வரை. முழுமையாக எஞ்சிய தோராச் சுருள்களுள் மிகப் பழையது என்று அது அறிவிக்கப்பட்டது அதன்பின்தான். சுருள் இடம் மாறவில்லை. அதைப் பற்றிய ஒரு வரி மாறியது. உங்கள் கேள்விக்கு என் விடையின் சாரம் இதுதான்.

பொலோனாவில் எழுத்தும் கார்பனும் ஒரே திசையைக் காட்டின. அப்படி அமையாத இடமும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கேட்பரி ஆய்வு நூலகம் இருக்கிறது. ஆம், சாக்லேட் கேட்பரிதான். இராக்கின் மோசுல் பகுதியில் பிறந்த அல்போன்ஸ் மிங்கானா என்ற அறிஞர், எட்வர்ட் கேட்பரியின் பொருளுதவியோடு 1920களில் மத்திய கிழக்கில் பயணம் செய்து திரட்டிய சுவடிகளே அங்குள்ள மிங்கானா சேகரிப்பின் அடித்தளம். மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல். அதில் ஒரு பழைய குர்ஆன் பிரதியின் சில ஏடுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஆல்பா ஃபெடேலி, அவற்றுள் இரண்டு ஏடுகள் மற்றவற்றோடு சேராதவை என்று கண்டார். இரண்டும் ஹிஜாஸி என்னும் பழைய அரபு எழுத்து வகைதான். ஆனால் வேறு கை, வேறு பிரதி. யாரோ முன்னொரு காலத்தில் ஒத்த தோற்றமுடையவற்றைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்த இரண்டு ஏடுகளில் 18, 19, 20 ஆகிய அத்தியாயங்களின் பகுதிகள் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டில் தோலைச் சோதித்தபோது 568 முதல் 645 வரை என்ற காலம் 95.4 விழுக்காடு நிகழ்தகவோடு கிடைத்தது. 2015 ஜூலையில் பல்கலைக்கழகம் அதை அறிவித்தது. மரபுவழிக் கணக்கின்படி முகம்மது நபியின் வாழ்நாள் ஏறக்குறைய 570 முதல் 632 வரை என்பதால் அந்தச் செய்தி உலகெங்கும் பேசப்பட்டதில் வியப்பில்லை.

இங்கேதான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏடுகள் தவறாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன என்பது உறுதி. தோல் எந்த விலங்கினுடையதோ அந்த விலங்கு மேற்சொன்ன காலத்தில் வாழ்ந்தது என்பது, ஆய்வகம் சொல்லும் நிகழ்தகவின் அளவுக்கு உறுதி. எழுத்து அதே காலத்தது என்பதோ அவ்வளவு உறுதியன்று. கார்பன் சோதனை மையின் வயதை அளப்பதில்லை. பதனிட்ட தோல் விலையுயர்ந்த பொருள் என்பதால் ஆண்டுக்கணக்கில் சும்மா வைத்திருக்க மாட்டார்கள் என்பது ஒரு வாதம். வசனங்களைப் பிரிக்கும் குறிகளும் அத்தியாயங்களுக்கு இடையிலான பிரிப்பும் ஒழுங்குபட்டிருப்பதைக் காட்டி, எழுத்து 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகலாம் என்பது மறுதரப்பின் வாதம். 19ஆம் அத்தியாயம் முடிந்து 20ஆம் அத்தியாயம் தொடங்கும் இடம் அந்த ஏடுகளுள் ஒன்றிலேயே இருப்பதால் இந்த வாதம் வெறும் ஊகமாக நிற்கவில்லை. கண்ணால் பார்த்துப் பேசக்கூடியதாக இருக்கிறது. எனக்கு இரண்டாம் தரப்பின் எச்சரிக்கை நியாயமாகத் தோன்றுகிறது. எந்தத் தரப்பை ஏற்றாலும் அவை கிடைத்திருக்கும் குர்ஆன் ஏடுகளுள் மிகப் பழையவற்றின் வரிசையில் நிற்பவை என்பதில் மாற்றமில்லை.

மூன்றாவது வகை, ஒரு நூலுக்குள் இன்னொரு நூல் ஒளிந்திருப்பது. அச்சு வந்தபின் பழைய கையெழுத்துப் படிகளும், வழக்கொழிந்த அச்சுத் தாள்களும் புத்தகம் கட்டுபவர்களின் கடைக்குப் போயின. அவர்கள் அவற்றைக் கிழித்து முதுகுப்புறத்தில் வலுவுக்காக ஒட்டினார்கள். இங்கிலாந்தின் முதல் அச்சர் வில்லியம் காக்ஸ்டன் 1476-77 அளவில் அச்சிட்ட குருமார் கையேட்டின் ஒரு தாள் இப்படித்தான் தப்பியது. 1820இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் பணியாற்றிய ஒருவர் அதை வேறொரு புத்தகத்தின் முதுகிலிருந்து பிரித்தெடுத்தார். அது காக்ஸ்டன் தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அது கைமாறி, ஓர் அச்செழுத்து வல்லுநரின் சேகரிப்போடு 1997இல் ரெடிங் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 2017இல் அங்குள்ள சிறப்புச் சேகரிப்பு நூலகர் எரிகா டெல்பெக், எழுத்தின் அச்சுருவையும் சிவப்புப் பத்திக்குறிகளையும் பார்த்து அடையாளம் கண்டார். இந்தத் தேடலில் சில நேரம் வேறு ஏதாவது அகப்படும். தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் ஓடென்சே நூலகத்தில் 16, 17ஆம் நூற்றாண்டு நூல்கள் மூன்றின் அட்டையில் ஒட்டியிருந்த இடைக்காலச் சட்ட நூல் துண்டுகளைப் படிக்க முயன்றார்கள். மேலே பூசியிருந்த பச்சை வண்ணம் எழுத்தை மறைத்ததால் பொருளில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்தபோது, அந்தப் பச்சையில் இருப்பது ஆர்செனிக் என்னும் கொடிய நஞ்சு என்று 2018இல் தெரிந்தது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்த நூல்கள் இப்போது எச்சரிக்கை ஒட்டிய தனித்தனிப் பெட்டிகளில், காற்றோட்ட வசதியுள்ள அலமாரியில் இருக்கின்றன. பழைய பச்சை அட்டை நூலைப் புரட்டும்போது விரலை நாவில் நனைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

விளம்பரமா என்ற உங்கள் ஐயத்துக்கு நேர்மையான விடை, ஓரளவு ஆம் என்பதே. செய்திக்குறிப்பு எழுதுவது பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்புப் பிரிவு. 'மிகப் பழைய', 'உலகில் ஒன்றே ஒன்று' ஆகிய அடைமொழிகள் அங்கேதான் சேர்கின்றன. ஆனால் விளம்பரத்துக்காகவே கண்டுபிடிப்பதாயின் தங்கள் புதையல் போலி என்று எந்த நூலகமும் தானே அறிவிக்காது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அதைச் செய்தது. அவர்களிடம் கலிலியோவின் கையெழுத்து எனப்பட்ட ஒரு தாள் இருந்தது. மேற்பகுதியில், 1609 ஆகஸ்டில் வெனிஸ் ஆட்சியாளருக்குத் தொலைநோக்கியை அளிப்பது பற்றிய கடிதத்தின் வரைவு. கீழ்ப்பகுதியில், 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளைக் கண்ட குறிப்புகள். 1934இல் ஏலத்தில் விற்கப்பட்டு, வாங்கியவரின் மறைவுக்குப்பின் 1938இல் நூலகத்துக்கு வந்த அந்தத் தாள், அங்குள்ள அரும்பொருள்களில் தலையாயதாகக் கருதப்பட்டது. வரலாற்றறிஞர் நிக் வைல்டிங் 2022இல் தாளின் நீர்க்குறியைப் பற்றி நூலகத்திடம் கேட்டார். கைத்தாள் செய்யும் சல்லடையில் கம்பியால் வளைத்து வைக்கும் அடையாளமே நீர்க்குறி. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். அதில் பெர்கமோ நகரைக் குறிக்கும் மூன்றெழுத்து இணைப்பு இருந்தது. அந்தக் குறியுடன் வேறெங்கும் கிடைக்கும் தாள்கள் 1770க்கு முற்பட்டவையாக இல்லை. கலிலியோ இறந்தது 1642இல். மிலான் நகரில் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்ட டோபியா நிக்கோத்ரா என்பவரின் கைவரிசை அது என்று வைல்டிங் முடிவு செய்தார். ஆகஸ்ட் மாதம் நூலகமே அதை அறிவித்தது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தத் தாள் உண்மையானது என்று முன்பு சான்றளித்த பீசாவின் கார்டினல் மாஃபி, தம்மிடமிருந்த கலிலியோ கையெழுத்துகளோடு அதை ஒப்பிட்டிருந்தார். அவையும் நிக்கோத்ராவிடமிருந்து வந்தவையே.

அலட்சியம் என்ற சொல் எங்கே பொருந்தும் என்று பார்த்தால், விவரம் குறைவாக இருப்பதில் அன்று, பொருள் இடத்தில் இல்லாததைத் தாமதமாக ஒப்புக்கொள்வதில்தான் என்று நினைக்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் டார்வினின் குறிப்பேடுகள் இரண்டு, அவற்றுள் 1837இல் அவர் உயிர்களின் உறவை மரமாக வரைந்து பார்த்த குறிப்பேடும் ஒன்று, 2000ஆம் ஆண்டு படம் எடுப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டன. 2001 ஜனவரியில் வழக்கமான சரிபார்ப்பின்போது அவை இல்லை. இடம் மாறி வைக்கப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையிலேயே ஆண்டுகள் போயின. திருடப்பட்டிருக்க வேண்டும் என்று பொதுவில் சொல்லப்பட்டது 2020இல்தான். 2022 மார்ச்சில் நூலகரின் அறைக்கு வெளியே, கண்காணிப்புக் கேமரா இல்லாத இடத்தில், ஒரு இளஞ்சிவப்புப் பரிசுப்பையில், ஈஸ்டர் வாழ்த்துச் சொன்ன உறையோடு இரண்டும் சேதமின்றித் திரும்பி வந்தன. கோடிக்கணக்கான உருப்படிகள் உள்ள கட்டடத்தில் தவறான தட்டில் வைத்த சிறு குறிப்பேடும் திருடுபோன குறிப்பேடும் ஒன்றுதான் என்பது உண்மையே. ஆயினும் இருபதாண்டு மௌனத்துக்கு அது போதிய சமாதானம் ஆகாது.

அதே கேம்பிரிட்ஜில்தான் வேறொரு பாடமும் இருக்கிறது. கெய்ரோவின் பழைய யூத வழிபாட்டிடத்தின் சேமிப்பறையிலிருந்து 1896-97இல் எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டர் கொண்டுவந்த ஏறக்குறைய 1,93,000 துண்டுகள் அங்குள்ளன. அவர் தேடியது சமய இலக்கியம். வணிகக் கடிதங்களையும் கணக்குச் சீட்டுகளையும் அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. 1950களில் வரலாற்றறிஞர் எஸ்.டி. கோயிட்டைன் அவற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகே 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ போன்றவர்களும், ஏடன் துறைமுகத்துக்கும் நம் மேற்குக் கரைக்கும் இடையே சென்ற மிளகும் இரும்பும் வரலாற்றுக்குள் வந்தன. துண்டுகள் அவையேதான், படிக்க வந்தவருக்கு வேண்டியது வேறாக இருந்தது.

தமிழ் நூல்களுக்கு இது பொருந்துமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். நன்றாகப் பொருந்தும். அண்டிரிக் அடிகளார் எனப்படும் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது. இன்று அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளையும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் அதன் கடைசிப் பக்கத்தில் தனித்தனியே அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். தமிழ் அச்செழுத்தின் வரலாறு எழுதுபவருக்கு அந்த ஒரு பக்கம் போதும், மற்ற பதினைந்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குருவிடம் பாவங்களை ஒப்புக்கொள்வது பற்றி அவரே 1580இல் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூல் தொலைந்துபோனதாகவே எண்ணப்பட்டிருந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் அதன் பிரதி இருப்பதை 1980களில் கிரகாம் ஷா கட்டுரை எழுதி அறிவித்தார். போட்லியனுக்கு அது ஒரு நாளும் தொலைந்ததில்லை. தமிழ் அச்சு வரலாற்றைத் தேடியவர்களுக்குத்தான் தொலைந்திருந்தது.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால் மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். ஐரோப்பிய நூலகங்களின் பழைய பட்டியல்களில் தமிழ் பெரும்பாலும் 'மலபார்' மொழி என்றே எழுதப்பட்டிருக்கும்; 'தமிழ்' என்று மட்டும் தேடினால் அவை அகப்படா. கணினிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தச் சேகரிப்புக்குக் கையெழுத்திலோ பழைய அச்சிலோ கைப்பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். கணினிக்கு ஏறாத வரிகள் அங்கே இருக்கும். பட்டியலில் பிழை என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள். பெரும்பாலான சுவடி நூலகர்கள் அதை வரவேற்பார்கள். அப்படி எழுதும்போது 'உங்கள் நூலகத்தில் அரிய நூல் உள்ளது' என்று தொடங்கினால் அந்தக் கடிதம் அடியில் போய்விடும். சுவடியின் வைப்பெண், ஏட்டெண், முன்பக்கமா பின்பக்கமா, எத்தனையாவது வரி, அங்கே நீங்கள் படிப்பது என்ன, அச்சில் உள்ள எந்தப் பாடத்தோடு அது ஒத்துப்போகிறது என்ற ஆறும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.